தும்மலுக்கு ஒரு நாள்

தைனான்
11 மார்ச் 2018

அன்புள்ள உமாவ்,

உன் விலாசம் மாறியிருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். லிடாவ் கிராமத்தில் முட்டைக்கோஸ் வயலுக்கு மேலே, நீலக் கதவு வீடு. அஞ்சல்காரருக்கு அதுவே போதும் என்று நீதான் முன்பு சொல்வாய்.

முதலில் தொலைபேசியில்தான் முயன்றேன். போகவில்லை. என் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்க உன்னை பிளாக் பண்ணி வருஷக்கணக்கா ஆச்சு, உனக்குத் தெரியவே தெரியாதா?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நலம். பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து போன மாதம் விலகிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது. மேசை இழுப்பறைகளைச் சுத்தம் செய்தேன், பழைய காகிதங்களைக் கிழித்தேன். கிழிக்க முடியாத காகிதமும் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு தூக்கம் சரியில்லை.

நேராகக் கேட்டுவிடுகிறேன். ஜியாமிங் ஏரிக்கு என்னை மறுபடி அழைத்துப்போவாயா? காவ்சியுங் தொழிற்சாலை விடுதியில் நீ மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். மலை உச்சியில் ஒரு ஏரி, மான்கள் வந்து தண்ணீர் குடிக்கும் என்று மூன்று வருடம் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாயே. எட்டு வருடத்துக்கு முன் உன்னோடு வந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. மலைநோய் வந்து விழுந்தேன். உன் தம்பி தியாங் மழையில் என்னை முதுகில் சுமந்து இறக்கினான், அவன் முழங்கால் அதோடு போயிற்று. உன் வழிகாட்டி உரிமத்தையும் மூன்று வருடம் நிறுத்தி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யூஜிங் ஊர் உலர்மாம்பழம் அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் இனிப்பு அதிகம்.

உன் பழைய கீழ்க் கட்டில்,
லீயுன்


லிடாவ்
2 ஏப்ரல் 2018

லீயுன்,

மாம்பழம் வந்தது. திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தேன், அதற்குள் தியாங் பிரித்துவிட்டான். "ஆள் மேல கோவம்னா சரி, பழம் என்னக்கா பண்ணிச்சு?" என்று வாய் நிறைய மென்றுகொண்டு கேட்கிறான். அவன் இப்போது முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறான். லாரிக்கு முழங்கால் அவ்வளவாக வேண்டியதில்லை. உன் கடிதத்தைப் படித்ததும், "அந்த மூட்டையா? எடை ஏறியிருக்கான்னு கேட்டு எழுது" என்றான். கேட்டுவிட்டேன்.

முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணாயிற்று. சரி, வா. ஆனால் நான் சொல்கிறபடி தயாராக வேண்டும், இல்லையென்றால் மலைப்பாதை தொடங்கும் ஷியாங்யாங் வாசலிலேயே உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இங்கே அக்டோபரில்தான் வானம் தெளியும். ஆறு மாதம் இருக்கிறது. உன் அடுக்குமாடியில் பதினொரு மாடி என்று நினைவு. தினமும் ஐந்து தடவை படியேறு, முதுகில் பத்துக் கிலோ அரிசி. ஏறும்போது பாடிக்கொண்டே ஏறு. பாட்டு நின்றால் நீ வேகமாகப் போகிறாய் என்று அர்த்தம். கோடையில் ஏதாவது உயரமான இடத்தில் இரண்டு இரவு தூங்கிவிட்டு வா. உச்சிவரை பஸ்ஸில் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு அன்றே திரும்புவது கணக்கில் சேராது. காற்று குறைந்த இடத்தில் தூங்க உன் உடம்பு பழக வேண்டும். அங்கே தலைக்குக் குளிக்காதே. வலி மாத்திரையை வீட்டிலேயே வை. அது வலியை உன்னிடமிருந்து மட்டுமல்ல, என்னிடமிருந்தும் மறைத்துவிடும்.

ஒரு தாள் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நிரப்பு. நாடி எத்தனை, தூக்கம் எப்படி, பசி உண்டா, தலைவலி எவ்வளவு. தலைவலிக்கு எண் போடு: இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாது என்றால் மூன்று. மாதம் ஒருமுறை அனுப்பு.

தொலைபேசி வேண்டாம். பேசினால் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்பாய். எழுதும்போது கை கொஞ்சம் யோசிக்கும்.

உமாவ்


தைனான்
9 மே 2018

அன்புள்ள உமாவ்,

நீ 'வா' என்று எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். தியாங்கிடம் சொல், மூட்டை நான்கு கிலோ குறைந்திருக்கிறது.

முதல் வாரம் ஏழாவது மாடியில் உயிர் போயிற்று. கீழே காவலுக்கு இருக்கும் பெரியவர் தினமும், "லிஃப்ட் நல்லாத்தாம்மா ஓடுது, யாரும் சொல்லலியா?" என்கிறார். அரிசிப் பையோடு மேலே போய் அரிசிப் பையோடு கீழே வருகிறேனா, நாலாவது மாடிக்காரி நான் அரிசி விற்கிறேன் என்று நினைத்து விலை கேட்டாள். பாட்டும் பாடுகிறேன், நம் தொழிற்சாலை ஒலிபெருக்கியில் மதியம் போடுவார்களே, அந்தப் பாட்டுத்தான். இப்போது ஒன்பதாவது மாடிவரை பாட்டு வருகிறது.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பார், முப்பது நாளும் ஒரு குறை இல்லை.

உன்,
லீயுன்


லிடாவ்
3 ஜூன் 2018

லீயுன்,

படி ஏறியது உண்மை என்று நம்புகிறேன். அரிசி விலை கேட்டதை எல்லாம் உன்னால் கற்பனை செய்ய முடியாது.

தாள் பொய்.

முப்பது நாளும் நாடி அறுபத்தெட்டு. என் வீட்டுச் சுவர்க் கடிகாரம்கூட இவ்வளவு ஒழுங்காக ஓடாது. முப்பது பூஜ்யமும் ஒரே பேனா, ஒரே பக்கம் சாய்வு. தபாலில் போடும் முன் சமையலறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டிருக்கிறாய்.

என்னிடமா இந்த வேலை? சரிபார்ப்பு வரிசையில் மூன்று வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். மணிக்கு ஒருமுறை உதிரிபாகங்கள் வைத்த தட்டைச் சோதித்துக் குறி போட வேண்டும் என்று விதி. நாம் என்ன செய்தோம்? ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நீ வலது பத்தி, நான் இடது பத்தி, எட்டு மணி நேரக் குறியையும் ஓட்டமாகப் போட்டுவிட்டு நூடுல்ஸ் கடைக்கு ஓடுவோம். மேற்பார்வையாளர் தாளைத் தூக்கிப் பார்த்து, "இந்த ரெண்டு பொண்ணுங்களும் தங்கம்" என்பார். அப்போது சிரித்தோம். அந்தச் சாய்ந்த குறியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உன் கால் நன்றாகத்தான் இருக்கிறது, போன தடவையும் கால் உன்னைக் கைவிடவில்லை. பயிற்சி வேண்டியது உன் வாய்க்கு. புதுத் தாள் வைத்திருக்கிறேன். இதிலும் முப்பது பூஜ்யம் வந்தால் இதற்கு மேல் எனக்கு எழுதாதே.

உமாவ்


தைனான்
22 ஜூலை 2018

அன்புள்ள உமாவ்,

தாள் இத்துடன் இருக்கிறது. மூன்று நாள் எழுத மறந்துவிட்டேன், அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நாடி சில நாள் எண்பது. பசி நான்கு நாள் இல்லை. தலைவலி ஒரே ஒரு நாள், இரண்டு. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் வட்டாரப் பெண்கள் மலையேற்றக் குழுவோடு ஹெஹுவான் மலைக்குப் போனேன். இருபத்து இரண்டு பேர், எல்லாரும் ஒரே ரோஸ் நிற மேல்சட்டை. காலையில் தைனானில் பஸ் ஏறினோம், மதியம் மூவாயிரத்து இருநூறு மீட்டரில் இறங்கிவிட்டோம். நீ திட்டுவாய் என்று தெரியும். சாயங்காலம் விடுதி வாசலில் நிற்கும்போது தலையைக் கயிறு கட்டி இறுக்கியது போல் வலித்தது. குழுத் தலைவி வந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்கள்ல?" என்று கேட்டாள். எனக்குள் முதலில் எழுந்தது பரவாயில்லை என்ற சொல்தான். அது பல்வரை வந்துவிட்டது. உன் முகம் நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தலை வலிக்குது. ரெண்டு" என்றேன்.

"ரெண்டா? ரெண்டு என்ன ரெண்டு?"

விளக்கினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஒருத்திக்காக இருபத்து ரெண்டு பேரும் மூட்டை கட்டிக்கிட்டுக் கீழ எறங்கணுமா? இந்த அறை கிடைக்க எவ்வளவு நாள் காத்திருந்தோம் தெரியுமா?" என்றாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது பின்னால் ஒருத்தி மெதுவாக, "எனக்கும்தான் வலிக்குது" என்றாள். அடுத்து இன்னொருத்தி. கடைசியில் ஐந்து பேர், உமாவ்! அதில் ஒருத்தி கழிப்பறையில் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருட்டும் முன் பஸ்ஸைக் கீழே விட்டோம். ஆயிரத்து எழுநூறு மீட்டரில் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. இரண்டு இரவும் அங்கேயே தங்கி, பகலில் மட்டும் மேலே நடந்துவிட்டு வந்தோம். தலைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஐந்து பேரும் சொன்ன பிறகு ஒன்றுமே ஆகவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு எளிதா அது?

இனி மறைக்க முடியாது. எட்டு வருடத்துக்கு முன் உன்னோடு மலையேறுவதற்கு முன்பே எனக்குத் தும்மல் வந்தது. கிளம்பும்போது யாராவது தும்மினால் அது கெட்ட சகுனம், உங்கள் ஆட்கள் அன்றைக்கு மலையில் கால் வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நாம் வந்த பதின்மூன்று பேருக்கும் அதே தேதிக்குத்தான் மலைக்குடில் குலுக்கலில் படுக்கை விழுந்திருந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டேன். அன்று மாலையே தலைவலி. மாத்திரை போட்டேன். மறுநாளும் போட்டேன். நீ கேட்டபோதெல்லாம் பரவாயில்லை என்றேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் பயண நிறுவனத்தார் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உடல்நலக் குறைவை வழிகாட்டியிடம் முன்கூட்டியே தெரிவித்தீர்களா?' என்று ஒரு கேள்வி. நான் 'ஆம்' என்று எழுதினேன். இத்தனை பேரின் பயணத்தைக் கெடுத்தவள் நானே என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. அதன் நகல்தான் இழுப்பறையில் இருந்தது.

உன் உரிமம் போனதற்குக் காரணம் அந்த ஒரு சொல்.

லீயுன்


தைனான்
27 ஆகஸ்ட் 2018

உமாவ்,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் வராது என்று புரிந்துகொண்டேன். இது கடைசிக் கடிதம், உன்னை இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அந்த நிறுவனத்துக்கும், அன்று நம்மோடு வந்த மற்ற பன்னிரண்டு பேருக்கும் உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் திட்டியிருந்தார். இன்னொருவர், 'எனக்கும் அன்று வலித்தது' என்று ஒரே வரி எழுதியிருந்தார். நிறுவனம், உன் கோப்பில் சேர்த்துவிட்டோம் என்று முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறது.

தியாங்கின் முழங்காலுக்கு எந்தக் கடிதமும் உதவாது என்று தெரியும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

படியேறுவதை நான் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்காதே. பதினொன்றாவது மாடிவரை பாட்டு வருகிறது.

லீயுன்


லிடாவ்
14 செப்டம்பர் 2018

அடியே லீயுன்,

மண் சரிந்து சாலை பத்து நாள் அடைபட்டிருந்தது. அதைக் காரணம் என்று சொல்லலாம், ஆனால் அது காரணம் இல்லை. கோபம்தான் காரணம்.

அந்தப் படிவம் எனக்குத் தெரியும். விசாரணையில் என் முன்னால் மேசைமேல் வைத்தார்கள். 'ஆம்' என்ற சொல்லை விட அந்தச் சாய்ந்த கையெழுத்துத்தான் என்னை அறைந்தது. அன்று மாலையே உன் எண்ணைத் தடுத்தேன். மூன்று வருடம் அடுத்தவர் வயலில் முட்டைக்கோஸ் வெட்டினேன். குனியும் ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டினேன், நாள் ஒன்றுக்கு நானூறு தடவையாவது இருக்கும்.

உன் மார்ச் கடிதம் வந்தபோது, இவள் அதைச் சொல்வாளா மாட்டாளா பார்த்துவிடுவோம் என்றுதான் அந்தத் தாளை அனுப்பினேன். சொல்லிவிட்டாய். சொன்ன பிறகு எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, கோபம் இரண்டு மடங்காயிற்று. சமையல் பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன். தியாங்தான், "அக்கா, அவ 'ஆம்'னு எழுதுனா, சரி. அன்னிக்குக் காலைல அவ தட்டைப் பாத்தியா நீ?" என்று கேட்டான்.

பார்த்தேன், லீயுன். பாதிச் சோறு அப்படியே இருந்தது. உதடு நீலமாக இருந்தது. இருபது வருடமாக மனிதர்களை மேலே அழைத்துப் போகிறவள், எனக்குத் தெரியாதா? "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன், "பரவாயில்லை" என்றாய், உடனே திரும்பிக்கொண்டேன். நேரமாகிவிட்டது, மேகம் ஏறிக்கொண்டிருந்தது, நீ சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. தட்டைச் சோதிக்காமலே குறி போட்டேன். இதை நான் எந்த விசாரணையிலும் சொல்லவில்லை.

ஆகவே நீ வலது பத்தி, நான் இடது பத்தி.

அக்டோபர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு ஆகிய இரண்டு இரவுக்கும் மேல் மலைக்குடிலில் நம் இருவர் பெயருக்கும் படுக்கை விழுந்திருக்கிறது. நீ பத்தொன்பதாம் தேதியே இங்கே வந்துவிடு. என் வீட்டில் இரண்டு இரவு, ஷியாங்யாங்கில் ஒரு இரவு, பிறகுதான் ஏற்றம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் மிச்சம் வரும். அது தும்மலுக்கு. எங்கள் ஆட்கள் தனியாகப் போகும்போது எப்போதும் ஒரு நாள் அப்படி வைப்போம். விருந்தாளிகளை அழைத்துப்போகும்போதுதான் பஸ் நேரத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டோம்.

ஒரு புட்டி அரிசி மது வாங்கி வா, கிளம்பும் முன் என் வீட்டு வாசலில் முன்னோருக்கு ஊற்ற வேண்டும். மலிவானது போதும், அவர்கள் ருசி பார்ப்பதில்லை.

உமாவ்


தைனான்
2 நவம்பர் 2018

அன்புள்ள உமாவ்,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். கால் விரல் நகம் இரண்டு கறுத்துவிட்டது, அதை எல்லாரிடமும் காட்டுகிறேன்.

மது ஊற்றி முடித்து, நீ ஒரு காலை எடுத்து வைக்கும் நேரம் பார்த்து நான் தும்மினேனே, அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அடக்கவே முயலவில்லை, சத்தியமாக. தியாங் லாரியிலிருந்து தலையை நீட்டி, "எட்டு வருஷமா அடக்கி வச்சிருந்த தும்மலாச்சே, சத்தம் இருக்காதா பின்ன!" என்று கத்தினான். நீ பையை இறக்கி வைத்தாய். அந்த ஒரு நாள் முழுவதும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்தோம். உன்னிடம் அப்போது சொல்லவில்லை: இந்த எட்டு வருடத்தில் எனக்கு அவ்வளவு நல்ல நாள் வாய்த்ததில்லை.

மேல் குடிலில் காலை எழுந்ததும் தாளை எடுத்து 'தலைவலி 2' என்று எழுதி உன்னிடம் நீட்டினேன். ஏரி அங்கிருந்து நாலரைக் கிலோமீட்டர்தானே! வெளியே வானம் அப்படி ஒரு நீலம். நீ படித்தாய், தூங்குபையைச் சுருட்ட ஆரம்பித்தாய்.

"நாலரைக் கிலோமீட்டர்தான் உமாவ்" என்றேன்.

"ஏரிக்குக் கால் இல்ல. எங்கயும் போகாது. எந்திரி."

ஏமாற்றமாக இருந்தது, மறைக்க மாட்டேன். குடிலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் அழுதேன், நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். ஆனால் பாதி வழியிலுள்ள கீழ்க் குடிலுக்கு வந்ததும் தலைவலி போய்விட்டது, இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன். கடைசி வளைவில் தியாங் நின்றுகொண்டு, "என்னது, சொந்தக் கால்லயா வர்றே? நான் முதுகைத் தொடச்சு வச்சிருந்தேனே!" என்றபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். "முழங்காலைத் தொடாதே, கூசும்" என்று விலகிவிட்டான்.

ஏரியை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

தாளை உன் வீட்டிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கிடைத்தால் அனுப்பு.

உன் கீழ்க் கட்டில்,
லீயுன்


லிடாவ்
16 நவம்பர் 2018

அன்புள்ள லீயுன்,

நீ அழுததைப் பார்த்தேன். முன்னால் போகிறவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்று யார் சொன்னது?

ஏப்ரல் மாதக் குலுக்கலுக்கு இரண்டு பெயர் போட்டிருக்கிறேன். விழவில்லை என்றால் மே, இல்லையென்றால் அக்டோபர். இந்தத் தடவை தும்மலுக்கு இரண்டு நாள் வைக்கிறேன், உன் மூக்கை நம்ப முடியாது. படியை விடாதே. அரிசி பன்னிரண்டு கிலோ ஆக்கு.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். அவசரத்துக்குக் கூப்பிடு. மற்றதை எழுது.

உன் தாள் என் பையில்தான் இருந்தது. மேல் குடிலில் எழுதிய பக்கத்தில் உன் வரிக்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இப்போது போட்டது இல்லை. நீ வெளியே காலணி கட்டிக்கொண்டிருந்தபோது, அங்கேயே எழுதியது. வழிகாட்டிக்குத் தலைவலி என்றால் யார் பின்னால் வருவார்கள் என்று நினைத்து, இத்தனை வருடத்தில் என் தலைவலியை எந்த விருந்தாளியிடமும் நான் சொன்னதில்லை, தியாங்கிடம்கூட. உன்னிடம் வாயால் சொல்லவும் வரவில்லை. எழுத வந்தது.

உன் மேல் கட்டில்,
உமாவ்

24 அக்டோபர், மேல் குடில், காலை 5.40
லீயுன்: நாடி 92. தூக்கம் பாதி. பசி இல்லை. தலைவலி 2.
உமாவ்: நாடி 84. தூக்கம் பாதி. பசி உண்டு. தலைவலி 1.